ஒரு பெட்டியும் அதன் துணைப்பொருள்களும்

என் மாமனார் காலமானபோது தம் சொத்தை யாருக்கும் மனக்குறை வராதபடி பிரித்து வைத்துவிட்டுப் போனார். பெரிய மச்சானுக்கு வீடு. சின்ன மச்சானுக்கு வீட்டையொட்டிய காலி மனை. ஒரே மாப்பிள்ளையான எனக்கு ஒரு கைத்துப்பாக்கி.

"எங்கப்பா உங்க மேல எவ்வளவு மரியாதை வச்சிருந்தார், பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி.

பார்த்தேன். மரியாதை கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் மனையாவது கிடைத்திருக்கும்.

அது சாதாரணத் துப்பாக்கி இல்லை. யாரோ ஒரு கப்பல் கேப்டன் மாமனாரின் அப்பாவுக்கு நன்றியாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய ரிவால்வர். எதற்கு நன்றி என்பதைக் குடும்பத்தில் யாரும் கேட்டு வைக்கவில்லை. அந்த வீட்டில் அதற்கு ஒரு குண்டுகூட இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. விருந்தாளி வந்தால் வெளியே வரும். அவர்கள் "அடேங்கப்பா!" என்றதும் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். மூன்று தலைமுறையாக அது செய்த உத்தியோகம் அவ்வளவுதான்.

துப்பாக்கி தனியாக வரவில்லை, பரிவாரத்தோடு வந்தது. உள்ளே நீல வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டி ஒன்று. இடுப்பில் மாட்டிக்கொள்ளத் தோலுறை ஒன்று. குழாய்க்குள் விட்டுத் துடைக்க நீளக் கம்பி ஒன்று. சுண்டுவிரல் உயரத்தில் ஓர் எண்ணெய்ச் சீசா. மாமனார் இதையெல்லாம் வாரம் ஒரு தடவை தூசி துடைப்பார்; துருவில் மட்டும் கை வைக்கமாட்டார். மாமியாரை அவர் அவ்வளவு அக்கறையாக விசாரித்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் இறக்கி அடுக்கிக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு. பெரியது முதலில், சின்னது கடைசியில். பீரோவுக்கு முன்னால் டம்ளரை ஏற்றினால் டம்ளர் என்ன கதியாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இறக்கும்போதும் அதே விதிதான். பழக்கம் முற்றிப்போய், கல்யாண வீட்டில் குடும்பத்தோடு போட்டோ எடுக்கும்போதுகூட பருமனான சொந்தக்காரர்களை நான்தான் முதலில் நிறுத்துவேன். இந்த நல்ல பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. என் பேத்தியை நான் இதுவரை தூக்கியதே கிடையாது. போனைத்தான் தூக்கியிருக்கிறேன். திரையில் அவள் கன்னத்தைத் தடவினால் வேறு யாருக்கோ அழைப்பு போகும். பார்க்கிறதையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வயது அவளுக்கு. "ஃபேன்" என்பாள், "செருப்பு" என்பாள், என்னைப் பார்த்து "மொட்டை" என்பாள். ஒன்றும் தப்பாகச் சொல்லமாட்டாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு மகள் முதல் தடவையாக ஊருக்கு வருவதாக இருந்தது. டிக்கெட் போடுகிற அன்றைக்குத்தானா என் பின்னால் இருந்த அலமாரி அவள் கண்ணில் பட வேண்டும்?

"அப்பா, அது என்ன பெட்டி?"

"தாத்தாவோட துப்பாக்கிம்மா. நமக்கு வந்திருக்கு."

"அய்யோ! இவ எந்தக் கதவையும் மூடி இருக்க விடமாட்டாப்பா. நேத்து ஃபிரிட்ஜுக்குள்ள ஏறி உக்காந்திருந்தா."

"அதுல குண்டே கிடையாதும்மா."

"குண்டே கிடையாதுன்னு சொன்ன துப்பாக்கிதான்ப்பா எல்லா ஊர்ப் பேப்பர்லயும் வருது. அது அங்க இருக்கிற வரைக்கும் நான் குழந்தையைக் கூட்டிட்டு வரமாட்டேன். அவ்வளவுதான்."

என் மனைவி பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். மகளுக்குத்தான். அவளுடைய அப்பா கொடுத்த மரியாதை அந்த நிமிஷமே காலாவதி ஆகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் மகள் போனில் கேட்கிற முதல் கேள்வி, "துப்பாக்கி போச்சாப்பா?" என்பதுதான். பின்னாலிருந்து பேத்தியும் எட்டிப் பார்த்துக் கத்துவாள்: "துப்பாத்தி போச்சா?"

எடுத்து வீசிவிடலாம் என்றால் முடியாது. அதை வைத்திருக்கும் அனுமதியை என் பேருக்கு முறைப்படி மாற்றியிருந்தேன். காணோம் என்றால் நான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே விற்பதென்று தீர்மானித்தேன்.

வாங்குகிறவர் சுலபமாகக் கிடைத்தார். எங்கள் ஊரில் இப்போது பழசுக்குத்தான் மவுசு. புது வீடு கட்டுகிறவர்கள் இடிந்த வீட்டுக் கதவைத் தேடி வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். திறந்தால் பின்னால் சுவர்தான் இருக்கும். தையல் மிஷினில் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டு மேஜையைப் பிளந்து பெஞ்சாக்கி உட்காருகிறார்கள். சென்ற வருஷம் ஒரு வீட்டுக்காரர் குப்பையில் போடச் சொன்ன மரத்தொட்டியை, இந்த வருஷம் அவருக்கே நான் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி துணி சுற்றி ஏற்றிக் கொடுத்தேன்.

இந்த இயக்கத்துக்கு எங்கள் வட்டாரத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இடம் முழுக்கப் பழைய சாமான்தான். உட்கார நாற்காலி மட்டும் இருக்காது. நாற்காலிகள் எல்லாம் "தொடாதீர்கள்" என்ற அட்டையோடு மேடைமேல் இருக்கும். பல்வலிக்காரர்கள் அவற்றைச் சுற்றி நின்று ரசிப்பார்கள்.

அவர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் என் மனைவி காலையிலேயே களத்தில் இறங்கிவிட்டாள். பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரும் சோப்பும் போட்டுத் துப்பாக்கியைப் பளபளவென்று தேய்த்து வைத்தாள். வருகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்! தோலுறையைத் தேய்க்கக் கையில் எடுத்தபோது அவர் வந்துவிட்டதால் அது மட்டும் தப்பியது.

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். கண்ணை மூடி முகர்ந்தார். "ஆஹா" என்றார். பிறகு துப்பாக்கியை எடுத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"துரு எங்க?"

"சுத்தமா எடுத்துட்டேன் டாக்டர்," என்றாள் என் மனைவி பெருமையாக.

"அம்மா, அந்தத் துரு மூணு தலைமுறைத் துரு. அதை ஒரே காலையில கழுவி ஊத்திட்டீங்களே!"

தினமும் ஊரார் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற மனிதர், ஒரு துப்பாக்கி சுத்தமாக இருப்பதற்காகக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் தேய்த்ததைக் குறை சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"சரி, பெட்டிக்காக வாங்கிக்கிறேன்," என்றார் கடைசியில். "அந்த வெல்வெட்டு, அந்தச் சீசா! உள்ள இருக்கிறது பழைய எண்ணெய்தானே? மாத்தலையே? ஆனா ஒண்ணு. ஆயுத உரிமப் பிரிவுல ஒப்புதல் வாங்கிக் கொடுக்கணும். காகிதம் சரியா இல்லாத பழசு வெறும் பழசு."

விலை பேசி முடித்தோம். நான் பரிவாரத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆயுத உரிமப் பிரிவு இரண்டு பிரிவாக இருக்கிறது. மாடியில் வைத்திருப்போர் பிரிவு. கீழே விற்போர் பிரிவு. எனக்கு முன்னால் நின்ற காவலாளி ஒருவர் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று காதோடு சொன்னார். ஒரு மின்விசிறி யாருக்கு என்பதில் மனஸ்தாபமாம். ஜெயித்தது கீழ்ப்பிரிவு. அதனால் அங்கே காகிதம் எல்லாம் எப்போதும் பறந்துகொண்டிருக்கும். கவுண்டரில் இருந்த கண்ணாடிக்காரர் தம் சாப்பாட்டு டப்பாவை வைத்துத்தான் காகிதங்களை அமுக்கியிருந்தார். மதியம் டப்பாவைத் திறந்துவிட்டால் காகிதம் நிற்காது, வேலையும் நடக்காது. மதியத்தில் ஆபீஸ்களில் வேலை நடக்காததற்குச் சோம்பல்தான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"பொருளையெல்லாம் வரிசையா வைங்க," என்றார் கண்ணாடிக்காரர், தலையை நிமிர்த்தாமல்.

வரிசையாக வைக்கச் சொன்னால் எனக்குக் கேட்க வேண்டுமா? கை தன்னாலே ஓடியது. பெரியது முதலில். பெட்டி. அடுத்தது தோலுறை. அப்புறம் கம்பி. நாலாவதாகத் துப்பாக்கி. கடைசியில் சீசா. ஒரு நூல் பிசகாமல் அடுக்கிவிட்டு, பெருமையாகக் கையைத் தட்டிக்கொண்டேன்.

அவர் முதலில் இருந்த பெட்டிக்கு ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி, முடிச்சின்மேல் ஈய முத்திரையை வைத்து நசுக்கினார். மற்ற நாலுக்கும் வெள்ளை அட்டை கட்டினார். சிவப்பில் "ஆயுதம்" என்று அச்சடித்திருந்தது. வெள்ளையில் "துணைப்பொருள்".

"சார்," என்றேன், "சிவப்பு அட்டை பெட்டிக்கு விழுந்திருக்கு."

"நீங்கதானே முதல்ல வச்சீங்க?"

"பெருசுன்னு முதல்ல வச்சேன்."

"முதல்ல வைக்கிறது ஆயுதம். பின்னால வர்றது துணைப்பொருள். இங்க அதான் முறை. எல்லாரும் துப்பாக்கியைத்தான் முதல்ல வைப்பாங்க. நீங்க புது மாதிரி வச்சீங்க. சரி, இவருக்கு ஆயுதம் வேற போலன்னு கட்டிட்டேன்."

"மாத்திக் கட்டிடுங்களேன்."

"முத்திரையை நசுக்கத்தான் சார் எனக்கு அதிகாரம். பிரிக்க அதிகாரம் கிடையாது."

"மாடியில என் அனுமதியில துப்பாக்கின்னுதானே இருக்கு?"

அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "மாடியில இருக்கிறது மாடி விஷயம்," என்றார் குளிர்ச்சியாக.

பிரிவு அதிகாரியைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். தங்கமான மனிதர். "உக்காருங்க" என்றார். அரசாங்க அறையில் என்னை உட்காரச் சொன்ன முதல் குரல் அது. பாதிக் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனம். இதைத் தூக்கி ஒருத்தர் தலையில போட்டா என்ன ஆகும்?"

"மண்டை உடையும் சார்."

"அந்தத் துப்பாக்கியால சுட்டா?"

"குண்டு இல்லையே சார். ஒண்ணும் ஆகாது."

"நீங்களே சொல்றீங்க. மண்டையை உடைக்கிறது ஆயுதமா, ஒண்ணும் பண்ணாதது ஆயுதமா?"

நான் தொழிலில் எத்தனையோ குறுகலான மாடிப்படியில் பீரோவைத் திருப்பியிருக்கிறேன். இந்தக் கேள்வியில் மட்டும் எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை.

"நம்ம ஊழியர் சரியாத்தான் செஞ்சிருக்கார்," என்று அவர் புன்னகைத்தார். "ஆயுதத்தை நிபுணர் பரிசோதிக்கிற வரைக்கும் எங்க பாதுகாப்புல வைப்போம். துணைப்பொருளுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. நீங்க தாராளமா எடுத்துட்டுப் போகலாம்."

இப்படியாக, பூட்டும் சாவியும் உள்ள பெட்டி அரசாங்கப் பாதுகாப்பில் இரும்பு அறைக்குள் போனது. பெட்டி இல்லாத துப்பாக்கி, காய்கறி வாங்குகிற பையில் என்னோடு பஸ்ஸில் வந்தது.

"என்னங்க இது!" என்று அலறினாள் என் மனைவி. "பூட்டி வச்சிருந்ததைத் திறந்துபோட்டுக் கொண்டாந்திருக்கீங்க!"

"இது துப்பாக்கி இல்லையாம்டி."

"பின்ன?"

நான் வெள்ளை அட்டையைக் காட்டினேன். அவள் அட்டையைப் படித்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதை அரிசி டிரம்முக்கு மேலே, எட்டாத பலகையில் துண்டு போட்டு மூடி வைத்துவிட்டு, அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். பின்னால் அலமாரி காலியாக இருந்தது.

"அட, போச்சாப்பா?"

"பெட்டி போச்சும்மா," என்றேன். பொய் ஒன்றும் இல்லை.

"அப்பாடா! அப்ப ஞாயித்துக்கிழமை வந்துடறோம்!" என்று போனை வைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் பலகையைப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறித் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

இதற்கிடையில் நிபுணரின் பரிசோதனை நடந்தது. ஆயுதத்தைச் சுடவைத்துப் பார்ப்பதுதான் முறை. மைதானத்தில் மணல் மூட்டை அடுக்கி, பெட்டியை அதன் எதிரே வைத்து, நிபுணர் தள்ளி நின்று கயிறு கட்டி இழுத்தாராம். சுடவில்லை. திருப்பி வைத்து இழுத்தார். சுடவில்லை. இயந்திரக் கோளாறா என்று பார்க்கப் பக்கத்தில் போய் மூடியைத் தூக்கினார். மூடி மறுபடி விழுந்து அவர் விரலை நசுக்கிவிட்டது. "ஆயுதம் முன்னறிவிப்பின்றி இயங்கியது, ஒருவர் காயம்" என்று கட்டுப்போட்ட கையால் முடிவு எழுதினார். அன்று மாலையே பெட்டிக்குக் காவலாக இரண்டு பேரை நிறுத்தினார்கள். நான் போய்ப் பார்த்தேன். வெளியே இரண்டு தடிமனான ஆட்கள் நிற்க, என் மாமனாரின் பெட்டி கம்பிக்குப் பின்னால் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

பல் டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் மனிதர் துள்ளிக் குதித்துவிட்டார்.

"ஆளைக் காயப்படுத்தின பெட்டியா! சிவப்பு அட்டையோட! ஈய முத்திரையைப் பிரிச்சுடாதீங்க, அப்படியே வேணும்! நம்ம குழுவுல யார்கிட்டயும் இது கிடையாது."

"சரி டாக்டர். துப்பாக்கியை வீட்டுலயே தந்துடட்டுமா?"

அவர் முகம் மறுபடி சுருங்கியது. "அது வேண்டாம் சார். உறை, கம்பி, சீசா மூணையும் தாங்க. துப்பாக்கியை நீங்களே வச்சுக்குங்க. பளபளன்னு இருக்கு. செட்டோட அழகையே கெடுத்துடும்."

துப்பாக்கியை விற்கப் புறப்பட்டவன் துப்பாக்கியைத் தவிர எல்லாவற்றையும் விற்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், காய்கறிப் பையை மேஜைமேல் வைத்தேன். "ஒரு துப்பாக்கியை ஒப்படைக்க வந்திருக்கேன்" என்றதும் இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். அட்டையைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல துணைப்பொருள்னு போட்டிருக்கே சார்."

"நீங்களே பாருங்க சார். குழாய் இருக்கு, குதிரை இருக்கு, பிடி இருக்கு."

"நான் பாக்கறதை எழுதினா என் வேலை போயிடும். எழுதினதைப் பாத்தாதான் சார் எனக்குப் பென்ஷன்," என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னார். "கொண்டு போங்க. வழியில ஜாக்கிரதை. துப்பாக்கின்னு நினைச்சு யாராவது பயந்துடப் போறாங்க."

அங்கிருந்து நேரே உரிமப் பிரிவுக்கு ஓடினேன். கண்ணாடிக்காரர் கையை விரித்தார்.

"துணைப்பொருளைத் தனியா வாங்க முடியாது. ஆயுதத்தோட சேர்த்துக் கொண்டாங்க."

"ஆயுதம் உங்ககிட்டதானே சார் இருக்கு?"

"அதுதான் சிக்கல். ஆளைக் கடிச்ச ஆயுதத்தை வெளிய விடமாட்டாங்க."

"சார், ஞாயித்துக்கிழமை என் பேத்தி வர்றா. நான் இன்னும் அவளைத் தொட்டதுகூட இல்லை. இது வீட்டுல இருந்தா என் மக திரும்பிப் போயிடுவா. உங்க கால்ல வேணா விழறேன்." குனிந்தே விட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

கண்ணாடிக்காரரும் பேத்தி உள்ளவர்தான் போல. ஏதாவது செய்ய வேண்டும் என்று கையைப் பிசைந்தார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. அவர் டப்பாவை எடுத்தார். காகிதமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. "பிடிங்க, பிடிங்க!" என்று அவர் கத்த, என் கையில் இருந்த துப்பாக்கியை நான் சட்டென்று காகிதக் கட்டின்மேல் வைத்தேன்.

காகிதங்கள் அசையாமல் நின்றன.

இருவரும் அதைப் பார்த்தோம். அவர் மெல்ல டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டார். காகிதம் அசையவில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"நல்ல கனமா இருக்கே," என்றார்.

"இருக்கட்டும் சார். துணைப்பொருள்தானே."

"துணைப்பொருள்தான்," என்றார் அவர். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி வந்தாள். விமான நிலையத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையைத் தடவி, "மொட்டை" என்றாள். உலகத்தில் எனக்குக் கிடைத்த எல்லாப் பட்டத்திலும் அதுதான் பெரிது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். எதற்குள்ளும் ஒன்றும் இல்லை. மகள் நிம்மதியாகத் தூங்கினாள். என் மனைவி என்னோடு பேச ஆரம்பித்தாள்.

மேடைமேல் "தொடாதீர்கள்" என்ற அட்டையோடுதான் வைப்பேன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால், அடுத்த வாரம் பெட்டியை அவரிடம் கொடுக்க உத்தரவு ஆகிவிட்டது. விற்கிறவர் நேரில் வந்தால் கடைசி முத்திரை குத்துவார்கள். மகளும் மனைவியும் கடைக்குக் கிளம்பியிருந்தார்கள். பேத்தியை நானே தூக்கிக்கொண்டு போனேன். நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசையும்தான்.

வரிசை நீளமாக இருந்தது. ஆனால் விறுவிறுவென்று நகர்ந்தது. முன்பெல்லாம் அங்கே ஒரே கூச்சலாக இருக்கும். இப்போது எல்லாரும் அடக்க ஒடுக்கமாகப் பேசினார்கள். "நாளைக்கு வாங்க" என்றால் "சரிங்க சார்" என்று போனார்கள். என் முறை வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. காகிதக் கட்டின்மேல் துப்பாக்கி, குழாயை வரிசையின் பக்கம் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. கழுத்தில் வெள்ளை அட்டை.

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாப்பாவின் கன்னத்தைத் தட்டினார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றி உயரே தூக்கினார்.

பேத்தி என் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

"துப்பாத்தி!"

கணீரென்று அறை முழுக்கக் கேட்டது. முத்திரை அப்படியே அந்தரத்தில் நின்றது. வரிசை வாயைப் பொத்திக்கொண்டது. உள் அறையில் அதிகாரியின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார்," என்றார் கண்ணாடிக்காரர், "பாப்பா என்னமோ சொல்றாங்களே?"

அது துப்பாக்கி என்றால் பெட்டி ஆயுதம் இல்லை. பெட்டி ஆயுதம் இல்லையென்றால் நிபுணருக்குக் காயம் இல்லை, காவலுக்குக் காரணம் இல்லை, உத்தரவு செல்லாது. எல்லாம் முதலிலிருந்து. துப்பாக்கி மறுபடி காய்கறிப் பையில் என் வீட்டுக்கு வரும். மகள் அன்றைக்கே மூட்டையைக் கட்டுவாள். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தங்கள் காகிதம் இன்று நகராது என்பது மட்டும் தெரியும்.

"குழந்தைக்கு என்ன சார் தெரியும்?" என்றார் எனக்குப் பின்னால் நின்றவர்.

"அட்டையிலதான் தெளிவாப் போட்டிருக்கே," என்றார் அவருக்குப் பின்னால் நின்ற அம்மா.

"துப்பாத்தி! துப்பாத்தி!" என்றாள் என் தங்கம், நான் கேட்கவில்லையோ என்று என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி.

நான் அவளைக் கொஞ்சம் உயரத் தூக்கி வெள்ளை அட்டையைக் காட்டினேன். "இல்லடா கண்ணு. அது துப்பாக்கி இல்லை. துணைப்பொருள். எங்க, தாத்தா சொல்ற மாதிரி சொல்லு பாக்கலாம். து-ணைப்-பொ-ருள்."

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஃபேனை ஃபேன் என்றும் செருப்பைச் செருப்பு என்றும் சொன்னபோதெல்லாம் கைதட்டிய தாத்தாதானா இது என்று யோசித்த மாதிரி இருந்தது.

"தொனப்பொயுள்," என்றாள் மெதுவாக.

வரிசையே கைதட்டியது. முத்திரை தடாலென்று விழுந்தது.

ராத்திரி டி.வி.யில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடினார். "அம்முக்குட்டி, அது என்ன?" என்றாள் மகள்.

"தொனப்பொயுள்!"

"அப்பா! எவ்வளவு பெரிய வார்த்தை சொல்றா பாருங்க!" என்று மகள் அவளை அள்ளி முத்தமிட்டாள். "யாருப்பா சொல்லிக் கொடுத்தது?"

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல சொல்லிக் கொடுத்தாங்கம்மா," என்றேன்.